கையில் எவ்வளவு, கடன் எவ்வளவு: ஒரு நிறுவனத்தின் பலத்தை எண்ணிப் பார்க்கும் வழி

பெண் கொடுக்கப்போகும் வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். தாய்மாமன் மட்டும் காப்பியைக் குடித்துவிட்டு வேறு இரண்டு கேள்விகள் கேட்பார். கையில் என்ன வைத்திருக்கிறார்? வெளியில் எவ்வளவு வாங்கியிருக்கிறார்? பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தை, அதாவது லாபத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். தாய்மாமனின் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் விடைதான் ரொக்கத்துக்கும் கடனுக்குமான விகிதம்.

கணக்கு எளிது. நிறுவனத்திடம் இருக்கும் ரொக்கத்தை அதன் மொத்தக் கடனால் வகுக்க வேண்டும். ரொக்கம் 60 கோடி, கடன் 100 கோடி என்றால் விகிதம் 0.6. கடன் கொடுத்த அத்தனை பேரும் நாளைக் காலையில் வாசலில் வந்து நின்றால், வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அறுபது பைசாவைக் கையிலிருந்தே கொடுக்க முடியும் என்று பொருள். 1-க்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் கொடுத்து அனுப்பிய பிறகும் பெட்டியில் மிச்சம் இருக்கும்.

வகுத்தல் ஐந்தாம் வகுப்புப் பாடம். எதை ரொக்கத்தில் சேர்ப்பது, எதைக் கடனில் சேர்ப்பது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. இணையதளங்கள் தயாராகப் போட்டுக் காட்டும் விகிதத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு தளங்கள் இரண்டு எண்களைக் காட்டும். விசாரித்துப் பார்த்தால் இரண்டுமே அவரவர் வழியில் சரியாக இருக்கும். 2021-ல் திருத்தப்பட்ட கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி நிறுவனங்கள் 11 விகிதங்களைத் தாங்களே கணக்கிட்டு ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். அந்தப் பதினொன்றில் இது இல்லை. ஆகவே பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சரியான பக்கத்தைத் திறப்பது

பிஎஸ்இ அல்லது என்எஸ்இ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஆண்டறிக்கை பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். 300 பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். முன்பாதியில் தலைவர் உரையும், தலைக்கவசம் அணிந்து சிரிக்கும் தொழிலாளர்களும், மரம் நட்ட புகைப்படங்களும்தான். அவற்றைத் தள்ளிக்கொண்டே போனால் நிதிநிலை அறிக்கைகள் வரும்.

அங்கே எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். ‘ஸ்டாண்டலோன்’ என்பது தாய் நிறுவனத்தின் கணக்கு மட்டும். ‘கன்சாலிடேட்டட்’ என்பது துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். டாடா மோட்டார்ஸ் 2008-ல் பிரிட்டனின் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது. அதன் பிறகு தாய் நிறுவனக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு, அந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி ரொக்கமும் கடனும் கண்ணில் பட்டிருக்காது. வேண்டாத கடனைத் துணை நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டுத் தாய் நிறுவனத்தைத் துடைத்துவைத்தது போலக் காட்டுகிறவர்களும் உண்டு.

இரண்டாம் படி: ரொக்கத்தை எண்ணுவது

இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். அரசு ஒப்பந்தப் பணிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். கையில் இருந்த பணம் கடனைவிட அதிகம்; விகிதம் 1.2 என்று வந்தது. கடனை அடைத்தாலும் பணம் மிஞ்சும் நிறுவனம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று பங்கை வாங்கிப் போட்டேன். ஏழெட்டு மாதத்தில் சம்பள பாக்கி என்று செய்தி வந்தது. பணம் இருக்கும்போது சம்பள பாக்கி எப்படி வரும் என்று அறிக்கையை மறுபடி எடுத்து, முதல் தடவை படிக்காமல் விட்ட குறிப்பைப் படித்தேன். சிறிய எழுத்தில் ஒரே வரி. அந்த டெபாசிட்டுகளில் முக்கால்வாசி, வங்கி உத்தரவாதங்களுக்குப் பிணையாக வங்கியிடமே கட்டுண்டு கிடந்தது. பெயர் நிறுவனத்தினுடையது, சாவி வங்கியிடம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, சொத்தையும் கடனையும் பட்டியலிடும் பேலன்ஸ் ஷீட்டில் நான்கு இடங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறேன். எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அங்கே காணப்படும்படியே சொல்கிறேன்.

‘கேஷ் அண்ட் கேஷ் ஈக்விவலன்ட்ஸ்’ என்ற வரி முதலில். பெட்டியில் உள்ள பணம், நடப்புக் கணக்கில் உள்ள பணம், தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிரும் டெபாசிட்டுகள் ஆகியவை இதில் அடங்கும். இதில் பொதுவாக வில்லங்கம் இருக்காது.

அடுத்தது ‘பேங்க் பேலன்சஸ் அதர் தென் அபவ்’. வில்லங்கம் குடியிருப்பது இங்கேதான். மூன்று மாதத்துக்கு மேல், ஓராண்டு வரையிலான டெபாசிட்டுகள் இதில் வரும். அவற்றோடு ‘மார்ஜின் மணி’ என்று உத்தரவாதத்துக்காக வங்கி பிடித்துவைத்திருக்கும் பணமும், பங்குதாரர்கள் வாங்கிக்கொள்ளாத டிவிடெண்டும் வரும். அந்த டிவிடெண்ட் பணம் நிறுவனத்தினுடையதே அல்ல. ஏழு ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். இந்த வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்தக் குறிப்பைத் திறந்து, கட்டுண்ட தொகையைக் கழித்துவிட வேண்டும். ‘லியன்’, ‘இயர்மார்க்டு’, ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்ற மூன்று சொற்களில் எது கண்ணில் பட்டாலும் கழித்தல் குறி போடுங்கள்.

மூன்றாவது, ‘கரன்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’. குறுகிய காலப் பத்திரங்களில் பணத்தை வைக்கும் லிக்விட் ஃபண்டுகளாக இருந்தால் தாராளமாக ரொக்கத்தில் சேர்க்கலாம். விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும். பட்டியலிடப்படாத உறவு நிறுவனங்களின் பங்குகளாக இருந்தால் சேர்க்காதீர்கள். நான்காவது இடத்தைப் பலர் தவறவிடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட டெபாசிட்டுகள் ‘அதர் ஃபைனான்ஷியல் அசெட்ஸ்’ என்ற பொட்டலத்துக்குள் ஒளிந்திருக்கும். அவை சுதந்திரமாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டுண்ட பணம் தொழிலுக்குத் தொழில் மாறும். வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள், 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். அந்தப் பணத்தைக் காட்டி வேறு கடனை அடைக்க முடியாது. விமான நிறுவனமான இண்டிகோ காலாண்டு முடிவுகளில் தன் ரொக்கத்தைக் கட்டில்லாதது, கட்டுண்டது என்று இரண்டாகப் பிரித்தே சொல்கிறது. எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

மூன்றாம் படி: கடனைத் திரட்டுவது

‘பாரோயிங்ஸ்’ என்ற சொல் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு இடத்தில் வரும். ஓராண்டுக்குப் பிறகு கட்ட வேண்டியது ‘நான் கரன்ட்’ பகுதியில். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதும், வங்கி கேட்ட நேரத்தில் கொடுக்க வேண்டிய கேஷ் கிரெடிட்டும் ‘கரன்ட்’ பகுதியில். இரண்டையும் கூட்டுங்கள். நீண்ட காலக் கடனில் இந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணை முன்பெல்லாம் வேறொரு தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கும். 2021 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் குறுகிய காலக் கடனிலேயே காட்டப்படுகிறது. பழைய அறிக்கைகளைப் பார்க்கிறவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து ‘லீஸ் லயபிலிட்டீஸ்’, அதாவது குத்தகைப் பொறுப்பு. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கியல் விதிப்படி, நீண்ட கால வாடகை ஒப்பந்தங்களும் கடன் போலவே பேலன்ஸ் ஷீட்டில் ஏறின. விமான நிறுவனம், சில்லறை விற்பனைச் சங்கிலி, திரையரங்குச் சங்கிலி போன்றவற்றுக்கு இது பெரிய தொகையாக இருக்கும். சேர்க்கலாமா வேண்டாமா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை என்று இரண்டு விகிதம் போட்டுக்கொள்வதே என் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி இருந்தால், அது வாடகையில் ஓடும் தொழில் என்று தெரிந்துவிடும். தளத்துக்குத் தளம் எண் மாறுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத கடன் ஒன்று உண்டு. உறவு நிறுவனம் வாங்கிய கடனுக்கு நம் நிறுவனம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கும். அது ‘கன்டின்ஜென்ட் லயபிலிட்டீஸ்’ என்ற குறிப்பில் இருக்கும். விகிதத்தில் சேர்க்க வேண்டாம், பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் போட்டுக் குடும்பம் அழிந்த கதை ஒன்றாவது தெரியாதவர்கள் நம்மில் குறைவு.

நான்காம் படி: வகுப்பது

மெய்யான எண்களை வைத்துச் செய்து பார்ப்போம். ஆப்பிள் நிறுவனத்தின் 2023 செப்டம்பர் 30 தேதியிட்ட பேலன்ஸ் ஷீட்டை எடுத்துக்கொள்கிறேன். கோடி டாலரில் சொல்கிறேன்.

ரொக்கமும் ரொக்கத்துக்கு நிகரானவையும் 2,997. ஓராண்டுக்குள் முதிரும் கடன் பத்திரங்கள் முதலானவை 3,159. ஓராண்டுக்கு மேற்பட்ட, ஆனால் சந்தையில் விற்கக்கூடிய பத்திரங்கள் 10,054. கடன் பக்கம் வணிகத் தாள் (நிறுவனம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் பத்திரம்) 599, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் 982, அதற்குப் பிறகு கட்ட வேண்டியது 9,528. ஆகக் கடன் 11,109.

முதல் வரியை மட்டும் ரொக்கமாகக் கொண்டால் 2,997-ஐ 11,109-ஆல் வகுக்க 0.27 வருகிறது. கொஞ்சம் கவலைப்பட வேண்டிய நிறுவனம் போலத் தெரிகிறது. குறுகிய காலப் பத்திரங்களையும் சேர்த்தால் 6,156, விகிதம் 0.55. நீண்ட காலப் பத்திரங்களையும் சேர்த்தால் 16,210, விகிதம் 1.46. ஒரே நிறுவனம், ஒரே நாள், ஒரே தாள். விடை மட்டும் மூன்று.

ஆப்பிளைப் பொறுத்தவரை மூன்றாவது விடையே உண்மைக்கு அருகில் இருக்கிறது. அந்த நீண்ட காலப் பத்திரங்கள் தேவைப்படும் நாளில் சந்தையில் விற்கக்கூடியவை. ஆனால் அதிலும் கட்டுண்ட ஒரு பகுதி இருந்தது. அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரை பழைய வரி கட்ட வேண்டும் என்று 2016-ல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்க, 2018-ல் அந்தப் பணத்தை ஆப்பிள் ‘எஸ்க்ரோ’ கணக்கில், அதாவது வழக்கு முடியும்வரை எடுக்க முடியாத தனிக் கணக்கில் போட வேண்டியதாயிற்று. பேலன்ஸ் ஷீட்டில் அது சொத்தாகவே நின்றது. பொதுப் பயன்பாட்டுக்கு எடுக்க முடியாது என்று குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நான் ஏமாந்த சிறு நிறுவனமானாலும், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றானாலும், குறிப்பைப் படிக்கும் வேலை ஒன்றுதான்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது?

1 என்பது ஒரு லட்சுமணக் கோடு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். 0.3 இருக்கும் நிறுவனம் நிம்மதியாகத் தூங்கலாம், 0.9 இருக்கும் நிறுவனம் தவிக்கலாம். கடன் எப்போது திரும்பக் கேட்கப்படும் என்பதைப் பொறுத்தது அது. 100 கோடிக் கடனில் அடுத்த ஓராண்டில் கட்ட வேண்டியது 10 கோடிதான் என்றால் கையில் 30 கோடி வைத்திருப்பவர் ராஜா. 100 கோடியும் வரும் ஆறு மாதத்துக்குள் முதிர்கிறது, புதுப்பிக்க வங்கி தயங்குகிறது என்றால் 90 கோடியும் போதாது. ஆண்டறிக்கையில் ‘லிக்விடிட்டி ரிஸ்க்’ என்ற குறிப்பில், எந்தக் கடன் எந்தக் காலத்துக்குள் முதிர்கிறது என்று அட்டவணை இருக்கும். விகிதம் போட்ட கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

வரவு எப்படி என்பதும் முக்கியம். ரொக்கம் தொட்டியில் நிற்கும் தண்ணீர். தொழிலிலிருந்து வரும் பணம் ஊற்று. ஆப்பிளுக்கு அந்த நிதியாண்டில் தொழிலிலிருந்து மட்டும் வந்த பணம் 11,054 கோடி டாலர், கிட்டத்தட்ட அதன் மொத்தக் கடன் அளவு. பணப்புழக்க அறிக்கையில் ‘கேஷ் ஃப்ளோ ஃப்ரம் ஆபரேட்டிங் ஆக்டிவிட்டீஸ்’ என்ற வரி அது. ஊற்று வற்றாமல் இருக்கும் நிறுவனத்துக்குத் தொட்டி கொஞ்சம் காலியாக இருந்தாலும் பாதகம் இல்லை.

பருவமும் உண்டு. பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை கனமாக இருக்கும். கோவை வட்டாரத்து நூற்பாலைகள் அந்த மாதங்களில் வாங்கி அடுக்கிவைக்கும். அதற்கு வங்கிக் கடன் எடுக்கும். மார்ச் 31 அன்று எடுக்கும் படத்தில் கடன் உச்சத்தில் நிற்கும், ரொக்கம் வற்றியிருக்கும். சர்க்கரை ஆலைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். அரவை முடியும் வேளையில் கிடங்கு நிறைந்திருக்கும், பணப்பெட்டி காலி. அதனால் மார்ச் எண்ணோடு செப்டம்பர் எண்ணையும் பாருங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் அரையாண்டு முடிவுகளோடும் சொத்து, பொறுப்பு விவரத்தை வெளியிடுகின்றன. நூற்பாலையை நூற்பாலையோடும், மார்ச்சை முந்தைய மார்ச்சோடும் ஒப்பிட வேண்டும். நான்கு ஆண்டு வரிசையில் 0.8, 0.6, 0.5, 0.3 என்று படி இறங்கி வந்தால், இந்த ஆண்டு எண் எவ்வளவு என்பதைவிட அந்த இறக்கம்தான் பேசும்.

சிலருக்கு இந்த விகிதமே பொருந்தாது. வங்கிகளுக்கும், சோழமண்டலம், ஸ்ரீராம் ஃபைனான்ஸ் போன்ற நிதி நிறுவனங்களுக்கும் கடன் என்பது கச்சாப் பொருள், வாங்கித்தான் கொடுப்பார்கள். அவர்களை மூலதன விகிதம், வாராக்கடன் என்று வேறு அளவுகோல்களால் அளக்க வேண்டும். மறுபக்கம் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவற்றுக்கு வங்கிக் கடன் என்று சொல்லும்படி இல்லை; பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. குத்தகைப் பொறுப்பு மட்டும் இருக்கும். அங்கே நேரத்தை வீணாக்காமல் நகர்ந்துவிடலாம்.

பணம் மெய்யாகவே இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு ஹைதராபாத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். இல்லாத அந்தப் பணத்துக்கு வர வேண்டிய வட்டி என்று 376 கோடியும் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. புலி மேல் ஏறியவனுக்கு இறங்க வழி தெரியாத கதை என்று அவரே வர்ணித்திருந்தார். 2015-ல் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கடிதத்துக்கு முந்தைய நாள் வரை அந்தக் கணக்கை வைத்து நம் விகிதத்தைப் போட்ட எவருக்கும் அது தங்கமான நிறுவனம்.

முழு நிச்சயம் யாருக்கும் கிடைக்காது. மோப்பம் பிடிக்கச் சில வழிகள் உண்டு. ‘அதர் இன்கம்’ குறிப்பில் டெபாசிட் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து, வட்டியை அதனோடு ஒப்பிடுங்கள். சராசரி இருப்பு 500 கோடி, வட்டி வரவு 5 கோடி என்றால் அது ஒரு சதவீதம். வங்கிகள் ஆறு, ஏழு சதவீதம் கொடுக்கும் காலத்தில் இந்தப் பணம் ஆண்டு முழுவதும் எங்கே இருந்தது? ஒருவேளை வட்டியில்லாத நடப்புக் கணக்கில் கிடந்திருக்கலாம். ஒருவேளை மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் விருந்தாளியாக வந்து போயிருக்கலாம். சத்யத்தில் வட்டியையும் சேர்த்தே புனைந்தார்கள் என்பதால் இந்தச் சோதனையும் சர்வரோக நிவாரணி இல்லை.

என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கூர்மையான கேள்வி இது: பெட்டியில் இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு, ஒன்பது பத்து சதவீத வட்டிக்குக் கடன் எதற்கு? நல்ல பதில் இருக்கலாம். வெளிநாட்டில் பணம், உள்நாட்டில் கடன் என்று இருக்கலாம். பெரிய தொழிற்சாலைக்குச் சேர்த்துவைத்திருக்கலாம். சொந்த டெபாசிட்டை வைத்தே ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் வீங்கித் தெரியும். அந்த அளவை இரண்டிலுமே கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். எந்தப் பதிலும் கிடைக்காமல், ஆண்டுக்கு ஆண்டு ரொக்கமும் கடனும் கைகோத்து வளர்ந்துகொண்டே போனால், நான் அந்தப் பங்கின் பக்கம் போவதில்லை.

தணிக்கையாளர் அறிக்கையின் பின்னிணைப்பில் ‘காரோ 2020’ என்ற ஆணையின்படி அவர் தரும் பதில்கள் இருக்கும். மூன்று பதில்களை மட்டும் படியுங்கள். இரண்டாம் பிரிவில், ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள நிறுவனம் வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரங்கள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சொல்லியிருப்பார். ஒன்பதாம் பிரிவில், கடன் தவணை தவறியதா என்பதும், குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை நீண்ட கால வேலைக்குத் திருப்பிவிட்டார்களா என்பதும் இருக்கும். கைமாற்று வாங்கி வீடு கட்டுகிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ, அப்படிப் பார்க்க வேண்டிய விஷயம் அந்தக் கடைசிப் பதில்.

முதல் தடவை செய்யும்போது ஒரு மாலை முழுவதும் போய்விடும். உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தயாரிக்கும், நிதித் துறையில் இல்லாத, ஓரளவு கடன் உள்ள நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ரொக்கத்தின் நான்கு வரிகள், வலப்பக்கம் கடனின் மூன்று வரிகள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்தக் குறிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று அதன் எண்ணை எழுதுங்கள். கழித்ததைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த ஆண்டறிக்கை வரும்போது அதே குறிப்புகளுக்கு நேரே போனால் இருபது நிமிட வேலை. சிவப்பு மையில் இருக்கும் எண் அந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.